எடை மெஷினை அலமாரிக்குள் பூட்டிவைக்கும் சிகிச்சை

உண்ணுதல் கோளாறுக்குச் சிகிச்சை பெற வந்தவர் உட்கார்ந்ததுமே கண்கலங்குகிறார். "இந்த வாரம் மட்டும் எடை பார்க்க வேண்டாமே மேடம்" என்கிறார். உணவுக் குறிப்பேட்டை எழுத முடியவில்லை, வாரம் முழுக்க வீட்டில் ஒரே சண்டை, இன்றைக்கு அதைப் பற்றிப் பேசினால் போதும் என்கிறார். சிகிச்சையாளருக்கும் அது நியாயமாகவே படுகிறது. எடை மெஷின் அலமாரியிலேயே இருந்துவிடுகிறது. 50 நிமிடமும் உருக்கமாக, உண்மையாகவே கழிகிறது. கிளம்பும்போது இருவருக்கும் பாரம் இறங்கியதுபோல இருக்கிறது. ஆனால் எந்தப் பயத்தால் அவர் மூன்று நாளாக மதியச் சாப்பாட்டை விட்டாரோ, அந்தப் பயத்தை அந்த அறையில் யாரும் தொடவில்லை. அடுத்த வாரம் எடை பார்ப்பது இன்னும் கடினமாக இருக்கும். இந்த வாரம் தவிர்த்ததில் கிடைத்த நிம்மதி அவருக்கு நினைவிருக்கும். சிகிச்சையாளருக்கும்தான்.

க்ளென் வாலர் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் 2009-இல் இந்தச் சறுக்கலைப் பற்றி விரிவாக எழுதினார். ஆங்கிலத்தில் இதை 'தெரபிஸ்ட் ட்ரிஃப்ட்' என்பார்கள். ஒரு சிகிச்சைமுறையைப் படித்தவர், அதை நம்புகிறவர், அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன் என்று மனதார நினைப்பவர், அதன் உயிர்நாடியான பகுதிகளை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிடுவதுதான் இந்தச் சறுக்கல். கைவிடப்படுபவை எவை என்று பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். எடை பார்ப்பது, சாப்பாட்டு நேரத்தை மாற்றச் சொல்வது, பயப்படும் உணவைச் சாப்பிட வைப்பது, கண்ணாடி முன் நிற்க வைப்பது. எல்லாமே எதிரில் இருப்பவரைப் பதற வைக்கும் வேலைகள். அவர் பதறினால் நமக்கும் பதற்றம் வருகிறது. அதைத் தள்ளிப்போட்டால் இருவருக்கும் உடனே ஆறுதல் கிடைக்கிறது. நோயைத் தாங்கிப் பிடித்திருக்கும் அதே சுழல் சிகிச்சையாளரின் நாற்காலியிலும் ஓடுகிறது. 80 சிகிச்சையாளர்களிடம் வாலரும் சகாக்களும் கேட்டு 2012-இல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டியது: பதற்றம் கூடுதலாக உள்ள சிகிச்சையாளர்கள் முக்கியமான உத்திகளைக் குறைவாகவே பயன்படுத்துகிறார்கள்.

உண்ணுதல் கோளாறுக்கான பயிற்சி என்றால் முதலில் இந்தப் பதற்றத்தோடு வேலை செய்யப் பழக்குவதுதான் என்பது எங்கள் உறுதியான கருத்து. கோட்பாடும் கையேடும் தேவைதான். ஆனால் தட்டுப்பாடு அவற்றில் இல்லை.

பேசினால் மட்டும் போதாதா?

இந்தக் கேள்வி ஒவ்வொரு பயிற்சி வகுப்பிலும் வரும், வரவும் வேண்டும். இதற்கு நேரடியாகப் பதில் சொல்லும் ஆய்வு ஒன்று 2014-இல் டென்மார்க்கிலிருந்து வந்தது. புலிமியா, அதாவது அளவுமீறி உண்டுவிட்டு அதை வெளியேற்றும் கோளாறு, உள்ள 70 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வாரம் ஒரு முறை வீதம் இரண்டு ஆண்டு உளப்பகுப்பாய்வுச் சிகிச்சை. இன்னொரு குழுவுக்கு ஐந்து மாதத்தில் 20 சந்திப்புகளாக அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, அதாவது சாப்பாட்டுப் பழக்கத்தையும் அதைச் சுற்றிய பயத்தையும் நேரடியாகத் தொடும் சிபிடி. ஐந்தாவது மாதத்தில் அளவுமீறி உண்பதும் அதை வெளியேற்றுவதும் முழுக்க நின்றவர்கள் சிபிடி குழுவில் 42 சதவீதம், மற்றதில் 6 சதவீதம். இரண்டு ஆண்டு முடிவில் 44-க்கு 15. சிபிடி குழுவுக்குச் சிகிச்சை முடிந்து ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது என்பதைச் சேர்த்துப் பாருங்கள். இரண்டு ஆண்டு பேச்சில் மனம் பற்றிய புரிதல் வளர்ந்திருக்கலாம், ஆனால் பெரும்பாலோருக்குச் சாப்பாட்டோடு இருந்த சிக்கல் அப்படியே நின்றது.

இதை வைத்து சிபிடிதான் எல்லாவற்றுக்கும் மருந்து என்று சொல்லிவிடக் கூடாது. எடை ஏறிவிடும் என்ற பயத்தில் உணவைக் குறைத்து மெலிந்துபோகும் அனோரெக்சியா பெரியவர்களுக்கு வரும்போது நிலைமை வேறு. ஜெர்மனியில் 242 பெண்களை வைத்து நடந்து 2014-இல் வெளியான ஆன்டாப் ஆய்வில் சிபிடி, குவிமைய உளஇயக்கச் சிகிச்சை, மேம்படுத்திய வழக்கமான சிகிச்சை மூன்றிலும் எடை ஏறியது. சிகிச்சை முடிந்த நேரத்தில் மூன்றுக்கும் இடையே எடையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆஸ்திரேலியாவில் 120 பேரோடு நடந்து 2017-இல் வெளியான ஸ்வான் ஆய்விலும் மூன்று முறைகள் ஒப்பிடப்பட்டன, அங்கும் எதுவும் தனித்து முந்தவில்லை. அந்த மூன்றில் ஒன்று எஸ்எஸ்சிஎம், அதாவது சிறப்பு ஆதரவு மருத்துவ மேலாண்மை. பெயரிலேயே 'ஆதரவு' என்ற சொல் இருப்பதால் பலர் அதை ஆறுதல் பேச்சு என்று நினைத்துவிடுகிறார்கள். அப்படியில்லை. அதிலும் எடையும் சாப்பாடும் ஒவ்வொரு சந்திப்பிலும் மேசைமீது இருக்கும். அதற்குப் பிறகுதான் வந்தவர் விரும்பும் பேச்சு. எந்த முறையைத் தேர்ந்தெடுத்தாலும் சாப்பாட்டை அறைக்கு வெளியே விட்டுவிட்டு வருவதற்கு இடமில்லை.

ஏன் சாப்பாடு முதலில்? பட்டினி கிடக்கும் மூளையோடு ஆழமான உரையாடல் நடத்த முடியாது என்பதால். இது வெறும் உவமை இல்லை. அன்செல் கீஸ் என்ற அமெரிக்க உடலியல் ஆய்வாளர் 1944-45-இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் உடல்நலமும் மனநலமும் நன்றாக இருந்த 36 ஆண்களை 24 வாரம் அரைப்பட்டினியில் வைத்தார். உடல் எடையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைந்தது. அவர்களுக்கு எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு, தட்டில் உள்ளதை மணிக்கணக்கில் உருட்டிக்கொண்டிருப்பது, சமையல் குறிப்பு சேகரிப்பது, சோர்வு, எரிச்சல், நண்பர்களிடமிருந்து ஒதுங்குவது எல்லாம் வந்தன. மறுபடி உணவு கொடுத்தபோது சிலர் வயிறு நிறைந்த பிறகும் நிறுத்த முடியாமல் சாப்பிட்டார்கள். எடைபற்றிய பயமோ உடல்பற்றிய வெறுப்போ இல்லாத ஆட்களுக்கே இப்படி. ஆகவே எதிரில் இருப்பவரின் பிடிவாதம், ஒதுங்கல், சடங்குபோன்ற பழக்கங்கள் ஆகியவற்றில் எது அவர் குணம், எது பட்டினியின் வேலை என்று எடை மீளாமல் பிரித்துச் சொல்லவே முடியாது. ஆளுமைக் கோளாறு என்று அவசரமாக முத்திரை குத்துகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

அந்தப் பத்து நிமிடம்

எடை பார்ப்பதை எப்படிச் செய்வது என்று விளக்கமாகவே சொல்கிறோம். பயிற்சிகளில் "வாராவாரம் எடை பார்க்கவும்" என்ற ஒற்றை வரியோடு இதைத் தாண்டிவிடுகிறார்கள். கெடுவது அங்கேதான்.

சந்திப்பின் தொடக்கத்திலேயே பார்க்க வேண்டும். கடைசியில் வைத்தால் அந்த எண்ணைப் பற்றிப் பேச நேரம் இருக்காது, வந்தவர் பதற்றத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார். அதோடு அந்த 50 நிமிடமும் அதையே நினைத்துக்கொண்டிருப்பார், நீங்கள் பேசியது எதுவும் உள்ளே போயிருக்காது.

மெஷினில் ஏறுவதற்கு முன் மூன்று கேள்விகள். போன வாரம் சாப்பாட்டில் என்ன மாற்றம் செய்தீர்கள்? அதனால் இன்றைக்கு எடை எவ்வளவு ஏறியிருக்கும் என்று நினைக்கிறீர்கள்? அதை நூற்றுக்கு எவ்வளவு நிச்சயமாகச் சொல்வீர்கள்? பதிலை அவர் கையாலேயே எழுத வேண்டும். "தெரியாது, நிறைய ஏறியிருக்கும்" என்று சொன்னால் விடக் கூடாது. கிலோக் கணக்கில் ஓர் எண் வேண்டும். எண் இல்லாத கணிப்பைப் பொய்யாக்க முடியாது. எது வந்தாலும் "அதான் சொன்னேனே" என்று மனம் சொல்லிக்கொள்ளும். காலைச் சாப்பாட்டைச் சேர்த்ததால் மூன்று கிலோ ஏறியிருக்கும், 90 சதவீதம் நிச்சயம் என்று எழுதிவிட்டு ஏறியவர், முந்நூறு கிராம் வித்தியாசத்தைப் பார்க்கும் அந்தக் கணத்தில்தான் கற்றல் நடக்கிறது. எதிர்பார்ப்புக்கும் நடந்ததற்கும் இடையிலான இடைவெளி பெரிதாக இருக்க இருக்க, கற்றலும் ஆழமாகும். பயத்தை எதிர்கொள்ளும் சிகிச்சைபற்றிய இன்றைய ஆராய்ச்சி பெரிதும் இந்தப் புள்ளியில்தான் நிற்கிறது.

பிறகு எண்ணை இருவரும் சேர்ந்து வரைபடத்தில் குறிக்க வேண்டும். ஒரு வார எண்ணுக்கு அர்த்தம் இல்லை என்பதை ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டும். நீர், உப்பு, மலச்சிக்கல், மாதவிடாய் என்று பல காரணங்களால் எடை ஒரு கிலோ வரை ஏறி இறங்குவது யாருக்கும் சாதாரணம். நான்கு வாரப் புள்ளிகளைச் சேர்த்துப் பார்த்தால்தான் போக்கு தெரியும். நீண்ட நாள் சாப்பிடாமல் இருந்தவர் மீண்டும் சாப்பிடத் தொடங்கினால் முதல் ஓரிரு வாரத்தில் எடை சட்டென ஏறலாம். உடல் சேமித்துவைக்கும் மாவுச்சத்தான கிளைக்கோஜன் தீர்ந்துபோயிருந்தது, இப்போது நிரம்புகிறது. ஒரு கிராம் கிளைக்கோஜனோடு ஏறக்குறைய மூன்று கிராம் நீரும் தங்குகிறது. இதை முன்கூட்டியே சொல்லிவைத்தால் அது விளக்கம், ஏறிய பிறகு சொன்னால் சமாதானம். வித்தியாசம் பெரியது. ஏறிய பிறகு "பயப்படாதீங்க, அது வெறும் தண்ணிதான்" என்று சொல்வது ஆறுதல் மாத்திரை கொடுப்பது மாதிரி. அடுத்த வாரமும் அவர் அதைக் கேட்டு வாங்குவார். எண்ணைத் தாங்க அவர் கற்கவில்லை, உங்களிடமிருந்து ஆறுதல் பெறத்தான் கற்றிருக்கிறார்.

இன்னொரு தவறு, எண்ணைக் காட்டாமல் முதுகைத் திருப்பி நிற்க வைத்து எடை பார்ப்பது. மருத்துவமனையில் உடல்நிலை மோசமாக இருக்கும்போது சில காலம் இது தேவைப்படலாம். வெளிநோயாளியாக வருபவரிடம் காரணமே இல்லாமல் இதைத் தொடர்ந்தால், "இந்த எண் அவ்வளவு ஆபத்தானது, உங்களால் தாங்க முடியாது" என்று நாமே சொல்லிக்கொடுப்பதாகிவிடும். அதேபோல, வீட்டில் ஒரு நாளைக்கு ஐந்து முறை எடை பார்க்கிறவர் அதை நிறுத்த வேண்டும். வாரம் ஒரு முறை, சிகிச்சை அறையில் மட்டும். சிலர் எடை மெஷினை வருடக்கணக்கில் தொட்டிருக்கவே மாட்டார்கள். அடிக்கடி பார்ப்பதும் அறவே பார்க்காமல் இருப்பதும் ஒரே பயத்தின் இரண்டு முகங்கள். அதனால் இருவருக்கும் மருந்து ஒன்றேதான்.

குறிப்பேடும் நான்கு மணி நேரமும்

உண்ணுதல் கோளாறுக்கென்றே கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் உருவாக்கிய சிபிடி-ஈ முறையில், எடை மிகக் குறைவாக இல்லாதவர்களுக்கு 20 வாரத்தில் 20 சந்திப்பு, எடை மிகக் குறைவாக உள்ளவர்களுக்கு ஏறக்குறைய 40. முதல் நான்கு வாரம் வாரத்துக்கு இரண்டு முறை பார்க்கச் சொல்கிறது. இந்த அடர்த்தியைச் செலவு, நேரம் என்று சொல்லி முதல் நாளிலேயே வாரம் ஒன்றாகக் குறைத்துவிடுகிறார்கள். தொடக்க வேகம் போனால் பிறகு அதைப் பிடிப்பது கஷ்டம். வாரம் இரண்டு முடியவில்லை என்றால் நடுவில் ஒரு பத்து நிமிடத் தொலைபேசி அழைப்பாவது வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கட்டத்தின் மையம் ஒழுங்காகச் சாப்பிடுவது. மூன்று வேளைச் சாப்பாடு, இடையில் இரண்டு அல்லது மூன்று சிற்றுண்டி, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நான்கு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி வேண்டாம். என்ன சாப்பிடுவது என்பது முதலில் முக்கியமே இல்லை, எப்போது என்பதுதான். அளவுமீறி உண்பது பெரும்பாலும் மாலையில், நீண்ட இடைவெளிக்குப் பிறகு வரும். அதை மன உறுதி குறைந்ததாக எண்ணி அவர் அடுத்த நாள் காலையை வெட்டுகிறார். அந்த வெட்டுதான் அடுத்த மாலையைக் கொண்டுவருகிறது. ஆகவே முதலில் சரிசெய்ய வேண்டியது இரவில் நடப்பதை இல்லை, அன்று காலையில் விட்டுப்போனதை. அளவுமீறி உண்ட பிறகும் அடுத்த வேளையைத் தவிர்க்கக் கூடாது என்பது இவர்களுக்கு மிகக் கடினமான வேலை. எதிர்ப்பு இங்கேதான் வலுக்கும், சிகிச்சையாளர் பின்வாங்குவதும் இங்கேதான்.

குறிப்பேட்டைச் சாப்பிட்ட உடனே எழுத வேண்டும். நேரம், என்ன, எங்கே, அதிகம் என்று தோன்றியதா, பிறகு என்ன செய்தார், அப்போது மனதில் என்ன ஓடியது. கலோரி எழுதக் கூடாது. ராத்திரி உட்கார்ந்து ஒரு நாள் முழுவதையும் நினைவுபடுத்தி எழுதினால் அது வேறு ஆவணம். அதில் மதியம் மூன்று மணிக்கு இருந்த பதற்றம் இருக்காது, இரவு பத்து மணியின் குற்றவுணர்வுதான் இருக்கும். ஒரே பேனா, ஒரே கையெழுத்து வேகம், ஒரு அடித்தல்கூட இல்லாமல் ஏழு நாளும் நிரம்பியிருந்தால், வரும் வழியில் எழுதியதாக இருக்கலாம். அதைக் குற்றமாகக் கேட்காமல், "எந்த நேரத்துல எழுத கஷ்டமா இருந்தது?" என்று கேளுங்கள். எழுத முடியாத நேரங்கள்தான் நோய் வசிக்கும் நேரங்கள். எழுதாமலே வந்தால் அந்தச் சந்திப்பை வேறு பேச்சுக்குத் திருப்பிவிட வேண்டாம். நேற்றைய நாளை அங்கேயே, இருவரும் சேர்ந்து வரி வரியாக எழுதுங்கள். 15 நிமிடம் போகும், போகட்டும். குறிப்பேட்டை மறந்து வந்தால் வேலையிலிருந்து தப்பிக்கலாம் என்ற வழி அதோடு அடைபடும்.

உறவு முதலிலா, மாற்றம் முதலிலா

"முதலில் நம்பிக்கை வளரட்டும், பிறகு சாப்பாட்டைத் தொடலாம்." இதைவிட அன்பான வாக்கியமும் இல்லை, இதைவிட அதிகக் காலத்தை வீணாக்கிய வாக்கியமும் இல்லை. சிகிச்சை உறவுக்கும் பலனுக்கும் உள்ள தொடர்பை உண்ணுதல் கோளாறில் பார்த்த 20 ஆய்வுகளின் தொகுப்பு 2017-இல் வந்தது. தொடக்கத்திலேயே அறிகுறிகள் குறைந்தவர்களுக்குப் பிறகு சிகிச்சையாளரோடு உறவும் நன்றாக இருந்தது என்று அது காட்டியது. உறவு தேவையில்லை என்பது இதற்குப் பொருள் இல்லை. இளையவர்களுக்கு உறவின் பங்கு கூடுதல் என்றும் அதே தொகுப்பு சொல்கிறது. ஆனால் இரண்டாவது வாரத்தில் ஒருவருக்கு மதியம் சாப்பிட முடிந்து, மாலையில் கட்டுப்பாடு இழக்காமல் இருக்க முடிந்தால், அந்த அனுபவம் உங்கள் மேல் வைக்கும் நம்பிக்கை ஆறு மாத ஆறுதல் பேச்சில் வராது.

முன்கூட்டியே வரும் மாற்றம்தான் இந்தத் துறையில் மிக உறுதியான முன்னறிகுறி. வாலரும் சகாக்களும் 2019-இல் கையேடாக வெளியிட்ட சிபிடி-டி முறையில் மொத்தமே 10 சந்திப்பு. எடை மிகக் குறைவாக இல்லாதவர்களுக்கு மட்டும். நான்காவது சந்திப்பில் நின்று பார்க்கிறார்கள். சாப்பாட்டில் மாற்றம் தொடங்கியிருக்கிறதா? இல்லை என்றால் இதே பாதையில் போவதில் பயன் இருக்கிறதா என்று இருவரும் வெளிப்படையாகப் பேசி முடிவெடுக்கிறார்கள். முழுத் தகுதி பெறாத உதவி உளவியலாளர்கள் நெருக்கமான மேற்பார்வையில் இதைச் செய்தும் நீண்ட சிகிச்சைகளுக்கு நிகரான பலன் வந்திருக்கிறது. அனுபவம் குறைவானவர்கள் கையேட்டை மீறத் துணிவதில்லை, அதனாலேயே சறுக்கலும் குறைவு என்றே எங்களுக்குத் தோன்றுகிறது.

பதின்பருவத்தினரின் அனோரெக்சியாவிலும் இந்த நான்காவது சந்திப்பு வருகிறது. குடும்பம் சார்ந்த சிகிச்சையான எஃப்பிடியில் நான்காவது சந்திப்புக்குள் 2.3 கிலோ அளவு எடை ஏறியவர்களே சிகிச்சை முடிவில் முழுதாகத் தேறும் வாய்ப்பு அதிகம். ஜேம்ஸ் லாக், டேனியல் லெ கிராஞ்ச் குழு 2010-இல் 121 பேரிடம் நடத்திய ஆய்வில், சிகிச்சை முடிந்து ஓர் ஆண்டு கழித்து முழுத் தேறல் எஃப்பிடியில் 49 சதவீதம், தனிநபர் சிகிச்சையில் 23 சதவீதம். இங்கே சறுக்கல் வேறு வடிவில் வரும். பெற்றோரைக் கொஞ்சம் வெளியே உட்காரச் சொல்லிவிட்டுப் பிள்ளையோடு தனியாகப் பேசத் தொடங்குவார்கள், அது மெல்ல அரை மணி நேரமாகும். அல்லது இரண்டாவது சந்திப்பான குடும்ப உணவையே விட்டுவிடுவார்கள். குடும்பம் கொண்டுவந்த சாப்பாட்டை எதிரில் வைத்துக்கொண்டு, "இன்னும் ஒரு வாய்" என்று பெற்றோர் சொல்ல, பிள்ளை அழுவதையும் தட்டைத் தள்ளுவதையும் ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டு உட்கார்வது சிகிச்சையாளருக்கு உண்மையிலேயே கடினம். ஆனால் பெற்றோர் வீட்டில் தினமும் ஐந்தாறு முறை செய்ய வேண்டியது அதுதான். நாம் அறையிலேயே அதைத் தாங்க முடியாமல் நிறுத்திவிட்டால், வீட்டில் அவர்கள் எந்தத் துணிவில் செய்வார்கள்?

பயிற்சியில் என்ன மாற வேண்டும்

முதலில், அனுபவம் தானாகக் கைகொடுக்கும் என்ற எண்ணத்தை விட வேண்டும். 170 சிகிச்சையாளர்களையும் அவர்களிடம் வந்த 6,500-க்கும் மேற்பட்டவர்களையும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்த 2016 ஆய்வில், காலம் போகப் போகச் சராசரிப் பலன் கூடவில்லை, மிகச் சிறிய அளவில் குறையவே செய்தது. நம் சுயமதிப்பீடும் உதவாது. மனநலத் துறையினர் 129 பேரிடம் கேட்ட 2012 ஆய்வில் ஒருவர்கூடத் தன்னைச் சராசரிக்குக் கீழே வைக்கவில்லை, நான்கில் ஒருவர் தன்னை முதல் பத்து சதவீதத்தில் வைத்துக்கொண்டார்.

அறிவை ஊட்டுவது இன்று பெரிய சிக்கல் இல்லை. அயர்லாந்தில் 160 சிகிச்சையாளர்களுக்கு சிபிடி-ஈ முறையை இணையம் வழியாகக் கற்றுக்கொடுத்து 2017-இல் முடிவு வெளியிட்டார்கள். திறன் நன்றாகவே உயர்ந்தது. கூடவே ஊக்கப்படுத்தத் தொலைபேசியில் ஆள் வைத்ததால் தனியாகக் கூடுதல் பலன் இல்லை. பயத்தை எதிர்கொள்ளும் உத்திகள்பற்றி 90 நிமிட வகுப்பு ஒன்றே சிகிச்சையாளர்களின் மனப்பான்மையை மாற்றியதையும் வாலர் குழு காட்டியிருக்கிறது. ஆனால் மனப்பான்மை மாறுவது ஒன்று, அழுகிற ஒருவரின் முன்னால் மெஷினை எடுத்துவைப்பது வேறு. இரண்டாவதைச் செய்து செய்துதான் பழக வேண்டும்.

அதற்கு நாங்கள் பரிந்துரைப்பது இது. பயிற்சியில் இருவர் இருவராக உட்கார்ந்து எடை பார்க்கும் பத்து நிமிடத்தை மட்டும் நடித்துப் பழக வேண்டும். ஒருவர் மறுக்கிறார், அழுகிறார், கோபப்படுகிறார், பேச்சை மாற்றுகிறார். மற்றவர் அன்பைக் குறைக்காமல் மெஷினுக்குத் திரும்பி வருகிறார். ஒரே காட்சியை ஆறேழு முறை. தொடங்கும் முன் சிகிச்சையாளரும் தன் கணிப்பை எழுத வேண்டும்: "எடை பார்க்கச் சொன்னால் அவர் சிகிச்சையையே விட்டுவிடுவார், 70 சதவீதம்." உண்மையான சந்திப்பு முடிந்த பிறகு அந்தத் தாளை எடுத்துப் பார்க்க வேண்டும். வந்தவருக்குக் கொடுக்கும் அதே பயிற்சி நமக்கும்.

மேற்பார்வையில் கதை கேட்பதை நிறுத்த வேண்டும். "எப்படிப் போகுது?" என்று கேட்டால் சுவையான, சோகமான வாழ்க்கை வரலாறு வரும், மேற்பார்வையாளரும் அதில் கரைந்துபோவார். சறுக்கல் மேற்பார்வையாளருக்கும் உண்டு. அதற்குப் பதில் ஒப்புதல் பெற்ற ஒலிப்பதிவில் அந்தப் பத்து நிமிடத்தை மட்டும் கேளுங்கள். எடை வரைபடத்தையும் குறிப்பேட்டையும் மேசையில் வையுங்கள். அளவுமீறி உண்டது இந்த வாரம் எத்தனை முறை, போன வாரம் எத்தனை முறை என்பதில் தொடங்குங்கள். எண்கள் நான்கு வாரமாக அசையவில்லை என்றால், பேச்சு அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

எல்லாத் தயக்கமும் சறுக்கல் இல்லை. நாடித்துடிப்பு மிகக் குறைந்திருந்தால், எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் விழுந்தால், பொட்டாசியம் குறைந்திருந்தால், ஈசிஜியில் மாற்றம் இருந்தால், தற்கொலை எண்ணம் தீவிரமாக இருந்தால் சிபிடி கையேட்டை மூடிவைத்துவிட்டு மருத்துவரை அழைப்பதுதான் சரி. 36 ஆய்வுகளைத் தொகுத்து 2011-இல் வந்த கணக்கின்படி அனோரெக்சியாவில் இறப்பு விகிதம் அதே வயதினரிடம் எதிர்பார்ப்பதைப்போல ஏறக்குறைய ஆறு மடங்கு, இறந்தவர்களில் ஐந்தில் ஒருவர் தற்கொலையால். மிகவும் மெலிந்தவருக்கு உணவை வேகமாக ஏற்றினால் முதல் சில நாட்களில் ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும். அதனால் முதல் கட்ட ஊட்டம் மருத்துவக் கண்காணிப்பில்தான். பார்ப்பதற்கு எடை 'சரியாக' இருப்பவரும் விதிவிலக்கில்லை. குறுகிய காலத்தில் நிறைய எடை இழந்தவரின் உடல், பார்வைக்கு மெலிந்து தெரியாவிட்டாலும், அதே ஆபத்தில் இருக்கலாம். உடல் பாதுகாப்பாக இருக்கிறதா என்று பார்க்க எடை மெஷினும் நாடி, ரத்த அழுத்தம், ஈசிஜி, ரத்தப் பரிசோதனைகளும்தான் வழி. பதற்றத்தால் எடை பார்க்காத சிகிச்சையாளருக்கு இந்த எச்சரிக்கைகூட வந்து சேராது.

ஏற்கெனவே சறுக்கிவிட்டவர்கள் என்ன செய்வது? பல வாரம் எடை பார்க்காமல் விட்டிருந்தால், திடீரென மெஷினை நடுவில் வைப்பது தண்டனை மாதிரி இருக்கும். ஒரு வாரம் முன்பே சொல்லுங்கள், பொறுப்பை நீங்கள் ஏற்றுச் சொல்லுங்கள். ஏறக்குறைய இப்படி: "எடை பார்க்கிறத நான்தான் விட்டுட்டேன். உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு நினைச்சேன். ஆனா அதனால உங்க பயத்துக்குத்தான் நான் உதவி பண்ணியிருக்கேன். அடுத்த வாரத்துலேர்ந்து மறுபடி ஆரம்பிக்கலாம். உள்ளே வந்ததும் முதல் வேலையா பார்ப்போம். எவ்வளவு இருக்கும்னு நீங்க முதல்ல எழுதுங்க, அப்புறம் ஏறலாம்." அவர் கோபப்படலாம். அடுத்த வாரம் வராமல் போன் செய்து ரத்து செய்யப் பார்க்கலாம். அன்றைக்கே திரும்ப அழைத்து, அந்த வாரத்துக்குள் வேறொரு நேரம் கொடுங்கள். அவர் கதவைத் திறக்கும்போது மெஷின் அலமாரியில் இருக்க வேண்டாம். நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில், ஒரு தாளும் பேனாவும் கூடவே.